போன் சொன்ன இடம்

"ஏலே ததேயுஸ், எம் மொவன் உருப்படுறதுல ஒனக்கு என்னல கண்ணு?"

கடற்கரையில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிரவில்லை. கிளாராவும் விடுவதாக இல்லை.

மகன் பெனின் கம்ப்யூட்டர் படித்தவன். குளச்சலில் சில கட்டுமரக்காரர்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தான். போன்களே தங்களுக்குள் பேசி, யார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கடலைப் பங்குபோட்டுச் சொல்லும். ஓரிடத்தில் முட்டி மோதவேண்டாம், எல்லாருக்கும் மீன் படும். ஒழுங்காக நடந்தால் மீனவர் சங்கம் இதை எல்லாக் கட்டுமரத்துக்கும் வாங்கும். பெனினுக்கும் ஊரிலேயே வேலையாகிவிடும்.

ததேயுஸ் மட்டும், போன் கிழக்கே என்றால் மேற்கே போவான். அதுவும் அக்காள் புருஷன் ஞானதாசனின் மரத்தை ஒட்டியே போய் நிற்பான்.

"ததேயுஸ் போறான்னா அங்க மீன் கெடக்கு" என்று மற்றவர்களும் பின்னாலேயே மரத்தை விடுவார்கள். கூட்டத்தைக் கண்ட போன்கள் பங்கை மாற்றி மாற்றிச் சொல்லும். கடைசியில் ஒருத்தரும் போன் பேச்சைக் கேட்பதில்லை.

"அத்தானுக்கு விழுற மீனுதான் ஒனக்கு இனிக்குமோ?"

"ஆசதான்க்கா. வேற என்னத்தச் சொல்ல?"

கூசாமல் சொல்கிறானே! "மாதாவே, இவனுக்கு நல்ல புத்தியத் தாரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளாரா வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் பெனின் சிரித்த முகத்தோடு வந்தான்.

"அம்மா, சங்கத்துல பேசியாச்சு. இனிமே மாமா அப்பா பக்கத்துல வந்து நின்னா, ஒரு வாரம் கடலுக்கே போவக்கூடாது."

"கேக்கதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு மக்கா. ஆனா அவனும் திருந்தணும்லா?"

சோறு பிசைந்துகொண்டிருந்த ஞானதாசனின் கை நின்றது.

"அப்பம் நாளைக்கு நானும் போவல."

"ஏம்ப்பா? ஒங்களுக்கு நல்ல எடமாத்தான போன் சொல்லுது?"

"நல்ல எடந்தான் மக்கா. ஆனா, தனி எடம்."

மனைவி முகத்தைப் பார்க்காமலேயே அவர் சொன்னார்:

"போன மாசம் கடல்ல வச்சு வலிப்பு வந்து தண்ணிக்குள்ள விழுந்துட்டேன். ததேயுஸ்தான் முடியப் புடிச்சு இழுத்துப் போட்டான். தெரிஞ்சா மக்கா, நீ இந்தப் போன் வேலைய விட்டுட்டு எங்கூட மரத்துல கடலுக்கு வந்துருவ. அதான், யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவன்ட்ட சத்தியம் வாங்குனேன். அன்னையிலேருந்து, நான் கூப்பிட்டாக் கேக்குத தூரத்த விட்டு அவன் வெலகுனதே இல்ல."