வைக்காத போன்

தூக்கம் கெட்டு, கால் சென்டர் வேலையை விட்ட பிறகும் மெர்லினின் காதில் ஹெட்செட் இருப்பது போலவே இருந்தது. டாக்டர் சொன்னபடி கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பாள். உடனே லைனில் யாரோ காத்திருப்பதாகப் பதற்றம் வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து அப்பா போனில் பேசினார். மழை, மீன், பிரஷர் மாத்திரை. பேச்சு ஓய்ந்ததும் பழக்கதோஷத்தில், "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா, சார்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா சிரிக்கவில்லை.

"ஆமா மக்ளே," என்றார். "ஒண்ணும் பேசண்டாம். போனை வைக்காம கொஞ்சம் இரு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஃபேன் கிறீச்சிட்டது. அதற்கும் அடியில் அவருடைய மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சு தானாக அதோடு சேர்ந்துகொண்டது.

இருட்டிவிட்டது. லைட்டைப் போட எழுந்தால் சேர்ந்த மூச்சு தப்பிவிடுமோ என்று அப்படியே இருந்தாள்.