ரேடியோவுக்கு மூன்று ரப்பர்

அப்பா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. எலும்பு முறியவில்லை, இடுப்பில்தான் நல்ல அடி. கட்டிலில் படுத்தபடி, மகன் பழுது பார்த்துக் கொடுத்த பழைய ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் கூட்டினா நாய் மாதிரி ஊளையிடுமே. இப்ப பெட்டிப் பாம்பா அடங்கிடுச்சு. என்னடா பண்ணினே?"

"உள்ளே அதிர்வைத் தாங்குற ரப்பர் மூணும் கல்லா இறுகிப் போயிருந்ததுப்பா. மாத்திட்டேன்." அவன் தலை நிமிரவில்லை.

"கடை கடையா ஏறி இறங்கியும் கிடைக்கலைன்னியே?"

"எப்படியோ கிடைச்சுது."

பார்க்க வந்திருந்த அக்கா ரேடியோவை அணைத்தாள்.

"பாட்டு இருக்கட்டும். இனிமே அப்பாவைத் தனியா வெளியே விடாதேடா. காலை நடை, நூலகம் எல்லாத்துக்கும் முழுக்குப் போட்டாச்சு."

"ஒரு தடவை விழுந்ததுக்கு ஆயுள் தண்டனையாம்மா?" என்றார் அப்பா.

விழுந்தபோது அப்பா ஊன்றியிருந்த கைத்தடி மூலையில் சாத்தியிருந்தது. அக்கா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தடி மேல பழி போட முடியாதுப்பா. அடியில ரப்பர் புத்தம் புதுசா இருக்கு. உங்க காலுக்குத்தான் தெம்பு போச்சு."

அப்பா தன் பாதங்களையே சற்று நேரம் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான். என் காலை இனிமே நானே நம்ப மாட்டேன். தடியைப் பரண்ல போட்டுடுடா."

அவன் தடியை வாங்கிக்கொண்டான். ஆனால் நகரவில்லை.

"உங்க கால் மேல குத்தமில்லைப்பா. இந்த ரப்பரை நீங்க விழுந்த பிறகுதான் வாங்கி மாட்டினேன். பழசை ரேடியோவுக்காக வெட்டி எடுத்தது நான்தான்."