ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ

"ஒரே ராத்திரியில ரெண்டு கிலோ! உண்மையைச் சொல்லுங்க, சூப்புல கோதுமை மாவைக் கரைச்சீங்களா?"

எடை மெஷினைவிட்டு இறங்காமலேயே மனைவி கத்தினாள்.

"சத்தியமா இல்லம்மா. ஒரு மாசமா வீட்டுல கோதுமை வாசனையே கிடையாது" என்றான், சமையலைப் பார்த்துக்கொள்ளும் கணவன்.

"அப்புறம் எப்படி நீர் கோத்துக்கிச்சு? மோதிரத்தைக் கழட்ட முடியல, காலு செருப்புக்குள்ள நுழையல. கோதுமை எனக்கு ஆகாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! என் உடம்புன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரம்!"

சமையலறை டப்பாக்களையெல்லாம் திறந்து முகர்ந்து பார்த்தவள், சாப்பாட்டை எடுக்காமலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்காக அவனும்தானே ஒரு மாதமாக நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறான்? இரண்டில் ஒன்று கேட்டுவிடுவதென்று, சாப்பாட்டு டப்பாவோடு அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனான்.

அது ஒரு ரொட்டித் தொழிற்சாலை. நேற்றுதான் அங்கே அவள் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாகியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் வேலை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அவள் முன்னால் பன்னிரண்டு வகைக் கோதுமை ரொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பிய்த்து, மென்று விழுங்கி, மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது என்னம்மா?"

"ருசி பார்க்கறேன். இது வேலைங்க! சாப்பாடா இது?" என்று வாய் நிறைய ரொட்டியோடு சீறினாள். டப்பாவைப் பிடுங்கி, திறந்து, முகர்ந்தாள்.

"இதுலயாவது கோதுமை கலக்காம இருக்கீங்களா?"