பதினேழாவது குடுவை

சன்னல் வெயில் ஆய்வகக் குடுவையில் விழுகிறது. தெளிந்த தண்ணீருக்குள் ஒரு சவ்வுப் பை தொங்குகிறது. அதில், கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் அடைத்த சிவப்புப் புற்றுநோய் மருந்து. உடம்பில் புற்றுக்கட்டியைச் சேரும்வரை அது கசியக் கூடாது; கசிந்தால் நல்ல இடங்களையும் புண்ணாக்கும். பதினாறு முறை கசிந்துவிட்டது. தங்கை குடுவைக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துக் குனிகிறாள். தண்ணீர் மெல்லச் சிவக்கிறது. மேசைமேல் கிடக்கும் போனில் அக்கா. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் நரம்புக்குள் அதே சிவப்பு மருந்து சொட்டுகிறது. "என்னடி, செவந்துடுச்சா?" "ஆமாக்கா." "எனக்கு வாயெல்லாம் புண்ணு. எச்சி முழுங்க முடியல." தங்கை வெள்ளைத்தாளைக் கீழே வைக்கிறாள். "இது சரியா வந்தாலும் மருந்தாக வருசக்கணக்காகும். உனக்கு வந்து சேராதுக்கா." "அது தெரியாமலா கேக்குறேன்? போனை வச்சுட்டு வேலையப் பாரு." தங்கை குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையாலேயே அடுத்ததில் பதினெட்டு என்று எழுதுகிறாள்.