பேசாமல் பறித்த கீரை

வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணிச் செடிகள் எல்லாம் கருகிக் கிடந்தன.

நேற்று மாலை இதே இடத்தில்தான் பிரேமலதா ஒரு பை நிறையப் பறித்தாள். அப்போது பச்சைப்பசேலென்று, வெள்ளைப் பூவோடு நின்றன. ஒரே ராத்திரியில் எப்படி இப்படிக் கருகும்?

குனிந்து முகர்ந்து பார்த்தாள். மருங்காபுரியில் கடலைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

களைக்கொல்லி.

நேற்றைய குரல் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதுகில் டேங்க் மாட்டிய ஓர் ஆள் மேட்டில் நின்று, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கையைக்கூட ஆட்டினார். இவள் நின்று கேட்கவில்லை. மஞ்சள்காமாலைக்கு மூலிகை பறிக்கும்போது யாரோடும் பேசக் கூடாது, பேசினால் பலிக்காது என்பது அவள் வீட்டு வழக்கம். உதட்டை இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வழக்கம் தவறாமல் பறித்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

அந்த இலையைத்தான் இன்று விடியற்காலையில் அரைத்து, உருட்டி, கிண்ணத்தில் போட்டு, காமாலையில் படுத்திருக்கும் கணவன் சிவசங்கரின் கட்டிலருகே வைத்துவிட்டு வந்திருந்தாள். எழுந்ததும் வெறும் வயிற்றில் மென்று தின்னச் சொல்லியிருந்தாள். நாளைக்குப் பறித்து வைக்கத்தான் மறுபடி இங்கே வந்தது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிவசங்கர் எடுக்கவில்லை.

ஓடினாள்.

புத்தூர் நாலு ரோட்டில் பஸ்காரன் ஹாரனை அழுத்தித் திட்டினான். பார்த்த பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி போர்டு. இத்தனை ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் குடியிருந்துகொண்டு இலை பறிக்கப் போனேனே என்று அழுகை வந்தது. தூங்குமூஞ்சி என்று தினமும் அவனைத் திட்டுகிறவள், இன்றைக்கு மட்டும் அவர் எழுந்திருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

அவன் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

கிண்ணம் காலியாக இருந்தது.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவள் கைகளையே பார்த்தான். அரைத்த கறை விரலெல்லாம் கருப்பாக ஏறியிருந்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டும் போகாத கறை அது.

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அட, இதுக்கா இப்படி ஓடி வந்த? அந்தக் கசப்ப யாரு மெல்லுறது? அப்பவே ஜன்னல் வழியா வீசிட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாளாவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாரா இந்த மனுஷன்? இன்றைக்கு அதுவே அவனைக் காப்பாற்றிவிட்டது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"நல்லவேளைங்க. என்னைக்கும் இப்படியே என்னை ஏமாத்துங்க."

அவள் சிரித்ததைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன்னை மறந்து அவள் பக்கம் திரும்பி, வாய்விட்டுச் சிரித்தான்.

அவன் நாக்கு, அவள் விரல்களைப் போலவே கருப்பாக இருந்தது.