நூற்றிருபது வீட்டுக்குப் பன்னிரண்டு குழாய்

"பத்து வீட்டுக்கு ஒரு குழாய். தொட்டிய மேட்டுல வச்சா தண்ணி தானா இறங்கிடும், மெஷினே வேணாம்." தான் வரைந்த புது ஊர் பிளானை மனைவி ஜானகிக்குக் காட்டினான் காளிதாஸ். 1950-ல் மலாக்கா அரசாங்க ஆபீசில் அவனுக்குப் பிளான் வரையும் வேலை.

"எங்கப்பா இருக்குற தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுக்காரங்க தண்ணிக்கு அரை மைல் நடக்குறாங்க. அவங்களையும் சேத்துடுங்களேன்லா."

ஆபீசின் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு, லூபோக் சீனா பக்கமிருந்த அந்த லயத்தையும் புது ஊரில் குடியேறுவோர் பட்டியலில் சேர்த்தான்.

மூன்று மாதத்தில் வீடுகள் எழுந்தன. குடியேறும் நாளன்று துரை பிளானைத் திருப்பித் தந்தார்.

"பிரமாதம், காளிதாஸ். போலீஸ் கேட்டதை மட்டும் நான் சேர்த்தேன்."

ஊரைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அதில் ஒரே ஓர் இடைவெளி.

"இது என்ன ரோடு சார்?"

"ரோடு இல்லை, முள்கம்பி வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இனி யாரும் அரிசி கொடுக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவோம். பழைய லயங்களைக் கொளுத்தியாகிவிட்டது."

காளிதாஸ் வீட்டுக்கு ஓடினான்.

ஜானகி சிரித்தாள். "அப்பா வரமாட்டேன்னு அடம்பிடிச்சாருங்க. மாப்பிள்ளை வரைஞ்ச ஊருன்னு சொல்லியனுப்புனேன். மொத லாரியிலயே ஏறிட்டாராம்."