கயிறு தளர்ந்தால் சபாஷ்

பிஸ்தா இழுத்தது. சகாதேவன் நின்றார்.

பின்னால் வந்துகொண்டிருந்த எழிலரசியும் நின்றாள். வேறு வழி?

அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், கிரிவலப் பாதையோரம், இளநீர் மட்டைக் குவியலில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பிஸ்தாவுக்கு அந்த ஆட்டிடம் ஏதோ அவசர வேலை இருந்தது.

சகாதேவன் அசையவில்லை. அதட்டவில்லை. வெடுக்கென்று இழுக்கவுமில்லை. விறைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் முழுக்க வேறு வேலையே இல்லாதவர் மாதிரி நின்றார்.

கடைசியில் நாய்க்கு அலுத்துப்போனது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்து ஓரடி பின்னுக்கு வந்தது. கயிறு தளர்ந்தது.

“சபாஷ்டா தங்கம்!” குனிந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கெட் துண்டை எடுத்து அதன் வாயில் வைத்தார்.

தங்கமாம்.

எழிலரசிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. போயும் போயும் ஒரு நாயைப் பார்த்தா பொறாமைப்படுவாள் ஒருத்தி என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். அவர்கள் இந்த மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்த்ததில்லை.

சகாதேவன் கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவர். ஏறுகிறவர் ஒரு காலை உள்ளே வைத்ததுமே வண்டியை எடுத்துவிடுவார் என்று ஊரில் பேர்.

கல்யாணமாகி முதல் பௌர்ணமிக்கு மலை சுற்ற அழைத்து வந்தார். முன்னால் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்காத பெண், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் தனியாக நின்று அழுதாள். “சகாதேவன் எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் மனைவி இங்கே காத்திருக்கிறார்” என்று போலீஸ் மைக்கில் கூப்பிட்டார்கள். சுக்குக் காபி டம்ளரோடு சாவகாசமாகத் திரும்பி வந்தவர், “கொஞ்சம் எட்டி நடந்தா இன்னா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதுகு, துணிக்கடைக்குப் போனாலும் முதுகு. இப்போது முட்டிவலியும் சேர்ந்துகொள்ள, அந்த முதுகு இன்னும் தூரத்துக்குப் போய்விட்டது.

நாய் அவர்கள் மகள் கவியாவுடையது. ஓசூரில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போகும்போது இவர்களிடம் விட்டுவிட்டுப் போனாள். வந்த புதிதில் தெருவில் போகும் சைக்கிளையெல்லாம் துரத்தி, சகாதேவனையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடியது.

கவியா போனில் வழி சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார்கள். இழுத்தால் நின்றுவிடு. கோபப்படாதே. அதுவாகத் திரும்பி வந்தால் சபாஷ் சொல்லித் தின்னக் கொடு. அப்புறம் நட. தினமும் இதையே செய், தன்னால் பழகிவிடும்.

தினமும் அதையே செய்தார் மனுஷன்! இத்தனை பொறுமையை இவ்வளவு வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்றுதான் எழிலரசிக்கு ஆத்திரம்.

“பிஸ்கெட் ரொம்ப ஜாஸ்தி தீருதே,” என்று நேற்றுகூட டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

“எலி இருக்குதுங்க,” என்றாள் எழிலரசி.

இப்போது பிஸ்தா அவர் காலை ஒட்டி, நல்ல பிள்ளையாக நடந்தது. இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து போகிற அழகைப் பின்னாலிருந்து பார்த்தபடி அவள் முட்டியை இழுத்து இழுத்து நடந்தாள். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவர் திரும்பவில்லை.

எழிலரசி நின்றாள். கை வளையல்களை ஒரு தடவை குலுக்கினாள்.

பிஸ்தா நின்றது. பின்னங்கால்களை மடித்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டது.

கயிறு விறைத்தது. இந்தத் தடவை இழுத்தது சகாதேவன்.

“வாடா. தங்கம், வாடா.” பிஸ்கெட்டை எடுத்துக் காட்டினார். பிஸ்தா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி என்னதான் பார்க்கிறது என்று அவரும் திரும்பினார்.

அங்கே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா, அங்கியே நின்னுட்ட?”

அவள் கோபப்படவில்லை. சும்மா நின்றாள்.

சகாதேவன் முன்னால் பார்த்தார், நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஓரடி பின்னுக்கு வந்தார். பிஸ்தா எழுந்துகொண்டது. கயிறு தளர்ந்து தொங்க, இருவரும் அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“முட்டி நோவுதா?”

எழிலரசி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தினமும் அவருடைய வேன் கிளம்பிப் போன பிறகு, கொல்லையில் வளையலைக் குலுக்கிக் குலுக்கி பிஸ்தாவுக்குக் கொடுத்ததில் மிச்சம், ஒரே ஒரு பிஸ்கெட் துண்டு இருந்தது. அதை நாயின் வாயில் வைத்தாள்.

“சபாஷ்,” என்றாள், புருஷன் முகத்தைப் பார்த்து.